தையலில் விழுந்த ஊர்

லிஃப்ட் ரிப்பேர் பார்க்கிற லிஃப்ட்காரர் ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் அப்புறம் அதை அவராலேயே அசைக்க முடியாது. ஒரு தடவை மைத்துனர் வீட்டு வாசல் கேட் கிறீச்சிட்டது. "இதுக்கு எண்ணெய் போடற வரைக்கும் நான் உள்ள கால் வைக்க மாட்டேன்" என்று விளையாட்டாகத்தான் சொன்னார். மைத்துனரும் அதே ரகம். எண்ணெய் போடவில்லை. இன்றைக்கும் இரண்டு பேரும் கேட்டுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுமாக நின்றுதான் குடும்ப விஷயம் பேசிக்கொள்கிறார்கள். மழை பெய்தால் ஆளுக்கொரு குடை.

அப்படிப்பட்ட மனிதர், சாப்பாட்டுத் தட்டின் முன்னால் உட்கார்ந்துகொண்டு, ஒரே மகளிடம் இப்படிச் சொன்னார்.

"உங்கம்மா ஒட்டற உருண்டையில அந்த ஊர் இருந்தா போ. இல்லேன்னா அந்தப் பேச்சை விடு."

மகள் கழிவுநீர்க் குழாய் இன்ஜினீயர். எந்தத் தெருத் தண்ணீர் எந்தச் சரிவில் எங்கே போய்ச் சேர வேண்டும் என்று கணக்குப் போடுவது அவள் வேலை. கடல் கடந்து ஒரு துறைமுக ஊரிலிருந்து அவளைக் கூப்பிட்டிருந்தார்கள். அந்த ஊர் இப்போதுதான் முளைத்துக்கொண்டிருந்தது. இன்னும் கொஞ்ச வருஷத்தில் உலகமே திரும்பிப் பார்க்கப் போகிற ஊர்களில் அதுவும் ஒன்று என்று பத்திரிகைகளில் எழுதினார்கள். உலகம் திரும்பிப் பார்ப்பதற்கு முன்னால் சாக்கடை தோண்டி மூடிவிட வேண்டும் என்பது அந்த ஊர்க்காரர்களின் நியாயமான கவலை. மாதக் கடைசிக்குள் பதில் சொல்லச் சொல்லியிருந்தார்கள்.

அந்த ஊரின் பெயரை லிஃப்ட்காரர் ஒரு தடவை கூட வாயால் சொன்னதில்லை. "எங்கேயோ" என்பார். "எங்கேயோவிலிருந்து இன்னிக்கும் ஃபோன் வந்துதா?" என்று கேட்பார்.

மகள் எழுந்து போய் ஃப்ரிட்ஜ் மேலிருந்த உலக உருண்டையைத் தூக்கிக்கொண்டு வந்தாள். அம்மா வேலை செய்கிற உருண்டைப் பட்டறையிலிருந்து கொண்டு வந்த பழைய பதிப்பு. சாப்பாட்டு மேஜையில் வைத்துத் திருப்பினாள். கடற்கரை இருந்தது. மேலே ஒரு ஊர், கீழே ஒரு ஊர். நடுவில் வெறும் பழுப்பு நிறம்.

"இல்ல பாத்தியா" என்றார் அப்பா. ஜெயித்த குரலில்லை. பாரம் இறங்கின குரல்.

மகள் அப்பாவோடு மல்லுக்கு நிற்கவில்லை. அடுப்படிப் பக்கம் திரும்பினாள். "அம்மா, புதுப் பதிப்பு வருது இல்ல?"

"வருது" என்றாள் அம்மா, திரும்பாமல்.

"எப்ப?"

"இந்த மாசம்தான்."

லிஃப்ட்காரர் தட்டிலிருந்து தலையைத் தூக்கினார். சொன்ன வார்த்தை போய் எங்கே மாட்டிக்கொண்டது என்று அப்போதுதான் அவருக்கு உறைத்தது. ஆனால் சொன்னது சொன்னதுதான். கையைக் கழுவிக்கொண்டு டிவி முன்னால் போய் உட்கார்ந்துவிட்டார்.

பட்டறையில் எல்லாரும் அம்மாவை உலகம்மா என்றுதான் கூப்பிடுவார்கள். ஒட்டு மேஜைக்கு அவள்தான் பெரியவள். உலகத்தை உருண்டையாக அச்சடிக்க முடியாது. தட்டையான தாளில், நடுவில் பருத்து இரண்டு பக்கமும் கூர்ந்த கீற்றுகளாக அடித்து, வெட்டி, பசையில் நனைத்து, அட்டைப் பந்தின் மேல் ஒவ்வொன்றாக இழுத்து ஒட்ட வேண்டும். கீற்றுகள் முடிந்ததும் மேலேயும் கீழேயும் துருவத்துக்கு ஒரு குல்லா. ஒரு கீற்றின் ஓரம் பக்கத்துக் கீற்றின் ஓரத்தின் மேல் ஓர் அரிசி அகலத்துக்கு ஏறி உட்காரும். அந்தச் சேர்ப்புக்குப் பட்டறையில் தையல் என்று பெயர். தையல் கண்ணுக்குத் தெரியாமல் ஒட்டுகிறவள்தான் கைகாரி. உலகம்மா ஒட்டின உருண்டையைக் கண்ணாடி போட்டுக்கொண்டு தேடினாலும் தையல் கிடைக்காது. வீட்டில் அவள் எதையும் வெளியே தெரியாமல் ஒட்டித்தான் வைத்திருந்தாள். மகள் போவதைப் பற்றி அவளுக்கு என்ன தோன்றுகிறது என்று மகளும் கேட்கவில்லை, புருஷனும் கேட்கவில்லை. அம்மா நம் பக்கம் என்று இரண்டு பேருமே நினைத்துக்கொண்டிருந்தார்கள்.

பதிப்புக் கூட்டம் மாடி அறையில் நடந்தது. முதலாளியம்மா, வரைபடக்காரர், விற்பனைக்காரர், உலகம்மா. டீ வந்தது. புதிதாக எந்தெந்த ஊருக்குப் புள்ளி வைப்பது, எந்தப் புள்ளியைப் பெரிதாக்குவது என்பதுதான் பேச்சு. எந்த ஊர் தலையெடுக்கும் என்று ஊகிப்பதில் ஆளுக்கு ஒரு வழி உண்டு. விற்பனைக்காரர் எந்த ஊருக்குப் போனாலும் அண்ணாந்து பார்த்து கிரேன் எண்ணுகிறவர். வரைபடக்காரர் மூக்குக் கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவிட்டு, துறைமுகத்தின் ஆழம், ரயில் பாதை, குடிதண்ணீர் என்று கட்டுக் கட்டாகப் படித்துவிட்டு வந்து, கடைசியில் "சொல்ல முடியாது" என்பார். முதலாளியம்மாவின் அளவுகோல் வேறு.

"விசேஷ வீட்டுல ஒருத்தர் 'எம் பையன் இந்த ஊர்ல இருக்கான்'னு சொல்றப்ப, 'அது எங்க இருக்கு'ன்னு யாரும் திருப்பிக் கேக்கலேன்னா அது பெரிய ஊர். ஒருத்தர் கேட்டு இன்னொருத்தர் பதில் சொன்னா, அது வளர்ற ஊர். அவ்வளவுதான்."

"எங்கன்னு தெரியாமலே யாரும் கேக்கலேன்னா?" என்றார் விற்பனைக்காரர்.

"பையனைப் பத்தி யாருக்கும் அக்கறை இல்லேன்னு அர்த்தம். டீயைக் குடி."

விற்பனைக்காரர் காலடியிலிருந்து ஒரு பழைய உருண்டையை எடுத்து மேஜை மேல் வைத்தார். பள்ளிக்கூடங்கள் பழைய உருண்டைகளை மேல்தாள் மாற்றித் தரச் சொல்லித் திருப்பி அனுப்புவது உண்டு. அப்படி வருகிற ஒவ்வோர் உருண்டையிலும் ஓர் இடம் வெளுத்திருக்கும். நம்ம ஊர் இதோ என்று பிள்ளைகள் விரலை வைத்து வைத்து, அந்த இடத்தில் அச்சே போயிருக்கும். எந்த ஊர்ப் பள்ளிக்கூடம் என்று விலாசம் பார்க்கவே வேண்டாம். இந்த உருண்டையிலும் ஒரு வெளுப்பு இருந்தது. கடற்கரையில், மேலே ஓர் ஊருக்கும் கீழே ஓர் ஊருக்கும் நடுவில்.

"இங்கதான் ஒண்ணுமே போடலியே" என்றார் வரைபடக்காரர், கண்ணாடியை நெற்றியிலிருந்து இறக்கி.

"அதான் சொல்றேன். பேரே இல்லாத இடத்தை இந்தத் தேய் தேய்ச்சிருக்கு பசங்க. ஒரு உருண்டை இல்ல, வந்தது எல்லாமே இப்படித்தான்."

உலகம்மா குனிந்து பார்த்தாள். இது மகளைக் கூப்பிட்ட ஊர்.

முதலாளியம்மாவுக்கு அந்த வெளுப்பு பிடித்துப்போயிற்று. "வெச்சிடலாம். பக்கத்துல கடல்தானே, பேர் எழுத இடம் தாராளமா இருக்கு. வேற எந்த ஊரையும் தூக்க வேண்டாம்." உலகப் புகழ் அடைவதற்கு உழைப்பு மட்டும் போதாது, பக்கத்தில் கொஞ்சம் காலியிடமும் வேண்டும். நெருக்கடியில் இருக்கிற எத்தனையோ நல்ல ஊர்கள் இந்த அறையில் பெயர் வைக்க இடமில்லாமல் திரும்பிப் போயிருக்கின்றன.

வரைபடக்காரர்தான் கீற்றுத் தாளின் மேல் விரலை வைத்து உச்சுக் கொட்டினார். "தையல்ல விழுதே. புள்ளி சரியா கடல் கீற்றோட வலது ஓரத்துல வருது. அடுத்த கீற்று வந்து மேல உக்காந்தா புள்ளி காலி."

"கொஞ்சம் நகத்தி வெய்யேன்."

"இந்தப் பக்கம் நகத்தினா கடல்ல முங்கும். அந்தப் பக்கம் நகத்தினா மலை மேல ஏறும். துறைமுகத்தைக் கொண்டுபோய் மலை மேல வெச்சா நாளைக்கு எவன் நம்மள மதிப்பான்?"

மூன்று பேரும் உலகம்மாவைப் பார்த்தார்கள். தையல் சம்பந்தப்பட்ட எதுவும் அவள் சொன்னால்தான் நடக்கும். கஷ்டம் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். யாரும் ஏன் என்று கேட்க மாட்டார்கள். அடுத்த பதிப்புக்குப் பார்க்கலாம் என்று டீ கிளாஸை எடுத்துக்கொண்டு கலைந்துவிடுவார்கள். மகள் வழக்கம்போல ராத்திரி செருப்பை வாசலில் குறுக்கே கழற்றிப் போட்டுவிட்டு, "அம்மா, பசி" என்று உள்ளே வருவாள்.

"சமாளிச்சுக்கலாம்" என்றாள் உலகம்மா. "கடல் கீற்றை முதல்ல ஒட்டாம கடைசியா ஒட்டினா அது ரெண்டு பக்கமும் மேல வந்துடும். புள்ளி வெளிய இருக்கும்."

சொல்லிவிட்டு மாடிப்படி இறங்கும்போது அவளுக்குத் தன்னைப் பற்றி ரொம்பப் பெருமையாக இருந்தது. எத்தனை பெரிய மனசு என்று யாராவது முதுகில் தட்டிக்கொடுத்தால் தேவலை என்று கூடத் தோன்றியது. கீழே பசை காய்ச்சுகிற தோழிதான் நின்றுகொண்டிருந்தாள். "என்ன உலகம்மா, ஒரு மாதிரி இருக்க?" என்று கேட்டாள். "நல்லாத்தானே இருக்கேன்" என்று சொல்லி உலகம்மா மேஜைக்குப் போனாள்.

வீட்டில் விஷயத்தைச் சொன்னதும் மகள் அம்மாவைப் பின்னாலிருந்து கட்டிக்கொண்டு அடுப்படியை ஒரு சுற்று சுற்றினாள். "விடுடி, கரண்டி கையில இருக்கு" என்று அம்மா சிரித்தாள். லிஃப்ட்காரர் மட்டும் அசையவில்லை.

"அச்சாகட்டும். ஒட்டட்டும். கண்ணால பாத்துட்டுப் பேசுவோம்."

"அப்பா, வார்த்தை மாறக் கூடாது."

"நான் எப்ப மாறியிருக்கேன்? உன் மாமனைக் கேளு" என்றார் அவர், ரோஷமாக.

அன்றைக்கு ராத்திரி அவர் படுக்கையில் புரண்டுகொண்டே, "அங்க நாலு மாடிக்கு மேல கட்டடமே இருக்காது" என்றார். அவருடைய கணக்கில் லிஃப்ட் இல்லாத ஊர் ஊரே இல்லை. "ஒரு அவசரம்னா யாரைப் போய்க் கேப்பா? காய்ச்சல்னு படுத்தா ஒரு வாய் தண்ணி குடுக்க யார் இருக்கா?" உலகம்மா தூங்குகிற மாதிரி இருந்துவிட்டாள். அந்தக் கேள்விகள் எல்லாம் ஏற்கெனவே அவளுக்குள் வரிசை கட்டி நின்றுகொண்டிருந்தன. இவர் வாய்விட்டுச் சொல்லிவிட்டுக் குறட்டை விடுகிறார், அதுதான் வித்தியாசம்.

புதுக் கீற்றுகள் அச்சிலிருந்து வந்தன. மை வாசனை போகாத தாள். கடல் கீற்றை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். நீலத்தில் சின்ன எழுத்தில் ஊர்ப் பெயர். அது முடிகிற இடத்தில், வலது ஓரத்தின் விளிம்பில், கடுகு மாதிரி ஒரு புள்ளி. அவள் ஒட்டு மேஜைப் பெண்களைக் கூப்பிட்டு, "இதைக் கடைசியாத்தான் ஒட்டணும், மறந்துடாதீங்க" என்று ஒரு தடவைக்கு இரண்டு தடவை சொன்னாள்.

ஒவ்வொரு பதிப்பிலும் முதல் உருண்டையை உலகம்மாதான் ஒட்டுவாள். அதற்கு வார்னிஷ் அடிக்க மாட்டார்கள். ஒட்டின கையோடு அவள் அதை வீட்டுக்கு எடுத்துப் போக வேண்டும். பட்டறைக் காற்று ஒரே சீராக இருக்கும். வீட்டில் அடுப்பு எரியும், ஜன்னல் திறக்கும், ஃபேன் சுற்றும். அந்தக் காற்றில் ஒரு ராத்திரி இருந்து, கீற்று எங்கேயும் சுருங்காமல், விளிம்பு தூக்காமல் இருந்தால்தான் மறுநாள் மற்ற உருண்டைகளை ஒட்ட ஆரம்பிப்பார்கள். இதை வீட்டுக் காற்று பார்ப்பது என்பார்கள். போன பதிப்புகளின் முதல் உருண்டைகள் எல்லாம் இவர்கள் வீட்டுச் சாப்பாட்டு மேஜையில் ஒரு ராத்திரி தங்கிவிட்டுப் போனவைதான்.

அன்று சாயங்காலம் உருண்டையைத் துணிப்பையில் வைத்து, பஸ்ஸில் மடியிலேயே வைத்துக்கொண்டு வந்தாள். மகள் சீக்கிரமே வந்து காத்திருந்தாள். லிஃப்ட்காரரும் அன்றைக்கென்று நேரத்தோடு வந்திருந்தார். எந்தக் கட்டடத்திலும் எந்த லிஃப்டும் மாட்டிக்கொள்ளவில்லை போலிருக்கிறது.

"கை கழுவிட்டுத் தொடுங்க" என்றாள் உலகம்மா. எத்தனை சோப்பு போட்டாலும் அவர் கட்டை விரல் ரேகையிலிருந்து கிரீஸ் முழுசாகப் போகாது. கல்யாணமான நாளிலிருந்து வீட்டுச் சுவர், தலையணை உறை, மகளின் பள்ளிக்கூடச் சான்றிதழ் எல்லாவற்றிலும் அந்த ரேகை இருக்கிறது. கழுவிவிட்டு வந்து, வேட்டை நாய் மாதிரி மூக்கை நீட்டிக்கொண்டு உருண்டையை மெல்லத் திருப்பினார்.

"எங்க?"

மகள் விரலைக் கொண்டுபோனாள். விரல் கடற்கரையில் இறங்கி, நின்றது.

ஊரின் பெயர் கடலில் இருந்தது. தெளிவாக, அழகாக இருந்தது. ஆனால் பெயர் முடிகிற இடத்தில் தையல். தையலுக்கு அந்தப் பக்கம் வெறும் பழுப்பு. புள்ளி இல்லை.

லிஃப்ட்காரர் இன்னும் கிட்டே போய்ப் பார்த்தார். "பேர் இருக்கு. ஊர் எங்கம்மா?"

மகள் விரலை எடுத்துக்கொண்டாள்.

"தண்ணியில மிதக்குற பேரை நம்பியா பாப்பாவை அனுப்பறது?" என்றார். வழக்கமாக இப்படி ஒன்று வாய்த்தால் அவர் அதை வைத்து ஒரு வாரம் ஓட்டுவார். இன்றைக்கு அதைச் சொல்லிவிட்டு அவரே தரையைப் பார்த்துக்கொண்டார்.

உலகம்மா தையலின் மேல் நகத்தை ஓட்டிப் பார்த்தாள். கடல் கீற்று அடியில் இருந்தது. இரண்டு பக்கமும் அடியில். அப்படியென்றால் அதைத்தான் முதலில் ஒட்டியிருக்கிறாள். இத்தனை வருஷமும் கடல் கீற்றைத்தான் முதலில் ஒட்டுவாள். அதில் கோடுகள் குறைவு, கொஞ்சம் கோணினாலும் சரிசெய்யலாம், உருண்டைக்குக் கை பிடிபடும். ஊருக்கெல்லாம் இரண்டு தடவை சொல்லிவிட்டு, தானே அதை முதலில் எடுத்திருக்கிறாள்.

"பரவால்லம்மா" என்றாள் மகள். குரலில் ஒரு குறையும் இல்லை, அதுதான் தாங்கவில்லை. "நீ என்ன பண்ணுவ. தையல்ல விழுந்தா அப்படித்தான். நீதானே சின்ன வயசுல சொல்லுவ." அப்பாவைப் பார்த்து, "வார்த்தை வார்த்தைதான்பா. இன்னிக்கே எழுதிப் போட்டுடறேன், அவங்களும் வேற ஆள் பாக்கணும் இல்ல" என்று சொல்லிவிட்டுத் தன் அறைக்குப் போனாள். கதவைச் சாத்தவில்லை. சாத்தியிருந்தால் கோபம் என்றாவது எடுத்துக்கொள்ளலாம்.

லிஃப்ட்காரர் நாற்காலியில் உட்கார்ந்தார். ஜெயித்த மனிதர் மாதிரி இல்லை, இரண்டு மாடிக்கு நடுவில் நின்றுபோன லிஃப்டுக்குள் மாட்டிக்கொண்டவர் மாதிரி இருந்தார். "நான் ஒரு பேச்சுக்குத்தான் சொன்னேன்" என்றார் மெதுவாக, யாரிடம் என்று இல்லாமல்.

உலகம்மா அடுப்படிக்குப் போய்த் தண்ணீர் வைத்தாள். எதற்கு வைத்தோம் என்று அவளுக்கே தெரியவில்லை. பாத்திரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றாள். காலையில் ஒட்டு மேஜையில் நின்றது ஒவ்வொன்றாக ஞாபகம் வந்தது. கீற்றுகளை வரிசையாகப் பரப்பினாள். கடல் கீற்றைத் தனியாக ஒதுக்கி வைத்தாள், அது நன்றாக ஞாபகம் இருக்கிறது. பிறகு பசையில் கையை வைத்தாள். அப்போது எதை நினைத்துக்கொண்டிருந்தாள்? மகளின் செருப்பை. இனிமேல் வாசலில் குறுக்கே கிடக்காதே, யாரும் அதை ஓரமாகத் தள்ளி வைக்க வேண்டியிருக்காதே என்று நினைத்தாள். அப்படி நினைத்துக்கொண்டே கை போய் ஒதுக்கி வைத்த கீற்றை எடுத்தது. எடுத்தபோது தெரிந்ததா? தெரியவில்லை என்று சொன்னால் எல்லாரும் நம்புவார்கள். மகள் ஏற்கெனவே நம்பிவிட்டாள்.

இல்லை, தெரியும். முழுசாகத் தெரியாவிட்டாலும் அரிசி அகலத்துக்குத் தெரியும்.

தண்ணீர் சூடாகிவிட்டது. அவள் அதைக் கிண்ணத்தில் ஊற்றி, ஒரு துணியையும், வெண்ணெய் தடவுகிற மழுங்கின கத்தியையும் எடுத்துக்கொண்டு மேஜைக்கு வந்தாள்.

"பாப்பா, இங்க வா."

மகள் வந்தாள். உலகம்மா துணியை நனைத்துப் பிழிந்து தையலின் மேல் வைத்து அழுத்தினாள். லிஃப்ட்காரர் பதறி எழுந்தார்.

"ஏய், என்ன பண்ற? நாளைக்கு அதை முதலாளியம்மா பாக்கணும் இல்ல? கிழிஞ்சிடப் போவுது."

"கிழியட்டுங்க."

"வேலைக்கு வம்பா ஆயிடும்மா" என்றாள் மகள்.

"நான்தான் மூடினேன். நான்தான் திறக்கணும்." துணியை எடுத்து, பக்கத்துக் கீற்றின் ஓரத்துக்கு அடியில் கத்தியை விட்டாள். "இதைக் கடைசியா ஒட்டணும்னு எல்லார் கிட்டயும் சொன்னவ நான். சொல்லிட்டு முதல்ல ஒட்டிட்டேன். தப்பா நடந்துபோச்சுன்னு நினைச்சுக்காத. நீ போறது எனக்குப் பிடிக்கல, பாப்பா. அன்னிக்கு மாடியில வாய் சரின்னு சொல்லிடுச்சு. கை கேக்கல."

மகள் கிண்ணத்தை ஓரமாக நகர்த்தினாள். "நீ சொல்லவே இல்லியேம்மா."

"யார் கேட்டீங்க?" என்றாள் உலகம்மா. கோபமாகச் சொல்லவில்லை. ஆனால் இரண்டு பேருக்கும் சுருக்கென்றது. இத்தனை நாளும் சாப்பாட்டு மேஜையில் அவர்கள் இரண்டு பேரும் மாறி மாறிப் பேசினதும், அவள் இரண்டு பேருக்கும் பரிமாறினதும் அந்த நிமிஷத்தில் எல்லாருக்கும் ஞாபகம் வந்தது.

கீற்றின் ஓரம் மெல்ல மேலே எழுந்தது. ஓர் இடத்தில் கிழிந்து, மலையில் கொஞ்சம் போயிற்று. அதற்கு அடியில், ஈரத்தில் கறுத்துப்போய், புள்ளி இருந்தது.

உலகம்மா கத்தியை வைத்துவிட்டாள். தூக்கின விளிம்பு திரும்பச் சாய்ந்து புள்ளியை மூடப் பார்த்தது. லிஃப்ட்காரர் சட்டென்று கட்டை விரலை நீட்டி அதைத் தடுத்துப் பிடித்துக்கொண்டார். கிரீஸ் படும் என்று அவளும் சொல்லவில்லை, அவரும் நினைக்கவில்லை.

"ரொம்பச் சின்னதா இருக்கே" என்றார்.

"அப்படித்தான் வெப்பாங்க முதல்ல" என்றாள் உலகம்மா.

அவர் குனிந்து, கண்ணைச் சுருக்கிக்கொண்டு, கடலில் எழுதியிருந்த பெயரை எழுத்துக் கூட்டிப் படித்தார். நடுவில் ஓர் இடத்தில் நாக்கு மாட்டிக்கொண்டது. மகள் எடுத்துக்கொடுத்தாள். மறுபடி முதலிலிருந்து சொன்னார். இத்தனை நாளில் அந்த வீட்டில் அந்தப் பெயர் அவர் வாயிலிருந்து வந்தது அதுதான் முதல் தடவை.

"அங்க லிஃப்ட் இருக்குமா?"

"இன்னும் இல்லப்பா. முதல்ல சாக்கடை."

"அதுவும் சரிதான்" என்றார். ஊர் விஷயத்தில் இன்னொருவர் தொழிலுக்கு முதலிடம் விட்டுக்கொடுப்பது அவருக்குச் சுலபமில்லை. பிறகு, விரலை எடுக்காமலே, "ஊர் இருக்கு" என்றார். "வார்த்தை வார்த்தைதான்."

மகள் அப்பாவைப் பார்க்கவில்லை. அம்மாவைப் பார்த்தாள். "நான் போகட்டுமாம்மா? உன்னைக் கேக்கறேன்."

உலகம்மா துணியைப் பிழிந்தாள். கண்ணில் தண்ணீர் வந்தது, துடைத்துக்கொள்ளக் கை ஈரமாக இருந்தது. பிடிக்கவில்லை என்று சொன்ன பிறகு, ஆச்சரியமாக, போ என்று சொல்வது முன்னைவிடச் சுலபமாக இருந்தது.

"போ" என்றாள். "போயிட்டு, வாரம் ஒரு தடவையாவது அப்பாகிட்ட பேசற மாதிரி என்கிட்டயும் தனியாப் பேசு. எனக்கும் கேக்கறதுக்கு நெறைய இருக்கு."

மறுநாள் கிழிந்த உருண்டையோடு போய் முதலாளியம்மாவிடம் நடந்ததைச் சொன்னாள். முதலாளியம்மா மலையில் விழுந்த கிழிசலைப் பார்த்தாள், உலகம்மாவின் முகத்தைப் பார்த்தாள். "இது விக்க ஆகாது. நீயே வெச்சுக்கோ. இன்னொண்ணு ஒட்டி எடுத்துட்டுப் போ" என்று மட்டும் சொன்னாள். இரண்டாவது உருண்டையில் புள்ளி வெளியே இருந்தது. வீட்டுக் காற்றில் ஒரு குறையும் வரவில்லை.

மகள் போய்ச் சேர்ந்துவிட்டாள். உலகம்மா தினமும் ஒட்டு மேஜையில் நிற்கிறாள். அந்தப் பதிப்பு நன்றாக விற்கிறது, அந்த ஊர்ப் பள்ளிக்கூடங்களே பெட்டி பெட்டியாகக் கேட்கின்றன. ஒவ்வோர் உருண்டையிலும் கை முதலில் கடல் கீற்றின் பக்கம்தான் போகிறது. ஒவ்வொரு தடவையும் அதைத் தடுத்து, ஒதுக்கி வைத்து, எல்லாம் முடிந்த பிறகு எடுத்து ஒட்டுகிறாள். மகளை ஒரே ஒரு தடவை வழியனுப்பினால் போதும் என்றுதான் நினைத்திருந்தாள். ஒரு நாளைக்கு எத்தனை உருண்டையோ அத்தனை தடவை அனுப்ப வேண்டியிருக்கிறது. பழகிவிடும் என்று பசைக்காரத் தோழி சொல்கிறாள். இன்னும் பழகவில்லை.

கிழிந்த உருண்டை ஃப்ரிட்ஜ் மேல் இருக்கிறது. வீட்டில் எந்தப் பொருளும் லிஃப்ட்காரர் கண்ணில் படுவதில்லை. தேடுகிற மூக்குக் கண்ணாடி மூக்கில் இருந்தாலும் அவளைத்தான் கேட்பார். அந்த உருண்டையை அவர் அப்புறம் திரும்பிக்கூடப் பார்த்ததில்லை என்றுதான் உலகம்மா நினைத்துக்கொண்டிருந்தாள்.

ஒரு விடுமுறை நாள், அவர் கேட் வாசலில் நின்று மைத்துனரோடு பேசப் போயிருந்தபோது, தூசி தட்டுவதற்காக அதை இறக்கினாள். வார்னிஷ் இல்லாத தாள், தொட்டதெல்லாம் உள்ளே இறங்கிவிடும். கடற்கரையில், புள்ளி தெரிகிற மாதிரி திருப்பி ஒட்டின தையலின் மேல், ஒரு கறுப்பு கிரீஸ் கறை இருந்தது. ஒரு நாளில் பட்ட கறையில்லை. மேலே மேலே பட்டு, புள்ளி எது கறை எது என்று தெரியாமல், கட்டை விரல் அகலத்துக்குப் பெரிதாகியிருந்தது.

உலகம்மா கையிலிருந்த துணியைப் பார்த்தாள். பிறகு உருண்டையின் மற்ற பக்கங்களை மட்டும் துடைத்து, அதை இருந்த இடத்திலேயே, அந்தப் பக்கம் முன்னால் தெரிகிற மாதிரி வைத்தாள்.